இடது கரைக்காரி

துணி வளர்ந்திருந்தது.

தறிக்காரம்மா தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் எழுந்து போகும்போது நீலக் கட்டம் பாதியில் நின்றது. நின்ற இடத்தில் ஓர் ஊசியைக் குத்தி அடையாளம் வைத்துவிட்டுத்தான் போனாள். திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. இன்று செவ்வாய். ஊசி குத்தின இடத்திலேயே இருந்தது. ஆனால் கட்டம் முடிந்து, ஊசிக்கு மேலே நாலு விரற்கடைக்குப் புதுத் துணி, "என்ன, இப்பத்தான் வர்றியா?" என்று கேட்காத குறையாக மினுமினுத்தது.

திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போவான். உட்கார்ந்து நெய்து வைத்துவிட்டுப் போகிற திருடனை அவள் கேள்விப்பட்டதில்லை.

அவள் இருந்தது ஒரு கண்ணாடி அறை. கைத்தறிப் பாதுகாப்புக் கூடத்தின் நட்டநடுவே, நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரே ஒரு தறி. வெளியே பித்தளைப் பலகை: 'இந்த நெசவின் கடைசி நெசவாளி.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பார்கள். டீச்சர் ஏதோ விளக்குவார். சத்தம் உள்ளே வராது. வாய் மட்டும் அசையும். மிருகக்காட்சி சாலையில் குரங்குக்காவது ஒரு ஜோடியைப் பிடித்து விடுவார்கள் என்று அவள் சில நாள் நினைத்துக்கொள்வதுண்டு. சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

பையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து துணியின் ஓரங்களைப் பார்த்தாள்.

இந்தத் துணியில் உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். கரை நூலும் உடல் நூலும் சந்திக்கிற இடத்தில், ஒவ்வொரு வரிசையிலும், ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அகலமான துணி. ஒருத்தர் கைக்கு எட்டாது. அதனால் ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்காருவார்கள். வலது பக்கத்துக்காரி வலது கரையைக் கோப்பாள், இடது பக்கத்துக்காரி இடது கரையை. கல்யாணமான நாளிலிருந்து தறிக்காரம்மாவுக்கு வலது பக்கம்தான்.

இப்போது தனியாக நெய்கிறாள் அல்லவா? வலது கரை அவள் கைக்குள் வளர்ந்த பிள்ளை மாதிரி நேராகப் போகும். இடது கரைக்கு உடம்பை வளைத்து, கையை முழுசாக நீட்டி, எட்டியும் எட்டாமலும் கோக்க வேண்டும். அது கோணும். வளையும். கூடத்துக்காரர்கள் அச்சடித்த சிறு புத்தகத்தில் அதையும் விடவில்லை: 'நீரோட்டம் போல் நெளியும் இடது கரை, இந்த நெசவின் தனி அழகு.' படித்துக் காட்டினபோது அவள் மூச்சு விடவில்லை. தப்பு என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது. அப்புறம் புத்தகம் ஊரெல்லாம் போய்விட்டது.

ஆனால் இந்தப் புது நாலு விரற்கடையில் எல்லாம் தலைகீழ். இடது கரை கத்தியால் கீறினமாதிரி நேர்க்கோடு. வலது கரைதான் சின்னப் பிள்ளை கிறுக்கின கிறுக்கல்.

தறிக்காரம்மா அந்த நேர்க்கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

இடது பக்கம் மட்டுமே உட்கார்ந்து பழகின கை. உலகத்தில் அப்படி ஒரே ஒரு கைதான் மிச்சம். அவளுடைய நாத்தனார்.

வாட்ச்மேன் வாசலில் ஸ்டூல் போட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்து யார் வந்தா?"

"நேத்தா? லீவாச்சேம்மா. ஈ காக்கா வரலை."

"ஈ காக்கா நெய்யுமா?"

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "அது வந்தும்மா... உங்க வீட்டு ஆளுன்னு சொன்னாங்க. அண்ணி கண்ணாடிய மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க, எடுத்துட்டு வரச் சொன்னாங்கன்னாங்க."

"நான் கண்ணாடி போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

"அதான் எனக்கும் உதைச்சுது. ஆனா அவங்க பேசின அதட்டல்ல அப்படியே உங்க சாடை இருந்துது. கதவைத் திறந்துட்டேன்."

"கண்ணாடி எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி போனாங்க. நான் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்திருச்சேன். அப்பவும் தேடிட்டுதான் இருந்தாங்க." குரலைத் தாழ்த்தினார். "டைரக்டர் சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. பிள்ளைகுட்டிக்காரன்."

அவள் தறிக்குத் திரும்பினாள். நாத்தனார்! குரலைக் கேட்டே வருஷக்கணக்காகிவிட்டது. சண்டை பெரிய சண்டைகூட இல்லை. தறியில் துணி பாதியில் இருக்கும்போது, மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்ததும், நாத்தனார் எழுந்து போய்விட்டாள். ஜோடியைப் பாதித் துணியில் விட்டுவிட்டு எழுவது இவர்கள் தொழிலில் முகத்தில் அடிக்கிற காரியம். மகள் பிரசவம் என்றால் யார்தான் எழமாட்டார்கள்? அதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அந்த வாரம் பார்த்துத்தானா கணக்கெடுக்க ஆட்கள் வர வேண்டும்? "இந்த வேலை தெரிஞ்சவங்க உங்களத் தவிர வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். "யாருமில்ல" என்றாள். கோபம் சொன்ன பதில். அவர்கள் அதைப் பித்தளையில் பொறித்துவிட்டார்கள்.

"அம்மா!"

டைரக்டர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எப்போதும் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கும் மனிதர்.

"நாள் குறிச்சாச்சு. வியாழக்கிழமை கமிட்டி வருது. தறியில இருந்து துணியை இறக்கி, காத்துப் புகாத பெட்டியில போட்டு சீல் வைக்கறோம். இதுதான் இனிமே மூலமாதிரி. அடுத்த மாசத்துல இருந்து கத்துக்க வர்ற பொண்ணுங்க இதை வச்சுத்தான் கத்துக்கப் போறாங்க. இன்னும் நூறு வருஷம் கழிச்சு எவனாவது இந்த நெசவு எப்படி இருந்துதுன்னு கேட்டா, இதைத்தான் காட்டுவாங்க."

"இதையா?"

"இதேதான். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் உங்க ஒரே கை. அதுலதானே இருக்கு இதோட மதிப்பே."

அவர் போனதும் அவள் துணியை மறுபடி பார்த்தாள். வலது கரை சரியாக இருக்கிற இடத்தில் இடது கோணல். இடது சரியாக இருக்கிற இடத்தில் வலது கோணல். இரண்டும் சரியாக இருக்கிற இடம் இந்தத் துணியில் ஒரு நூல் அகலத்துக்குக்கூட இல்லை. நூறு வருஷத்துக்கும் நிற்கப் போவது இதுதான்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

*

நாத்தனார் மகள் வீடு மூன்றாவது மாடி. கதவு திறந்தது. உள்ளே அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டி, அதற்குப் பின்னால் இன்னும் அட்டைப்பெட்டி. பிளாஸ்டர் சுருளும் கையுமாக நின்ற நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அடடே! கடைசி நெசவாளி! கண்ணாடி இல்லாம நேர்ல பார்க்கறது பெரிய பாக்கியம்."

"உள்ள விடறியா, இல்ல வாசல்லயே வச்சுத் திட்டி முடிச்சுடறியா?"

"ரெண்டுக்கும் நேரமில்ல. மாப்பிள்ளைக்கு மாற்றல். நாளைக்குக் காலையில வண்டி." சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியைக் காலால் தள்ளி வழி விட்டாள். பெட்டியின் மேலேயே உட்காரச் சொன்னாள்.

"திங்கட்கிழமை தறியில உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன். போலீசும் வந்திருக்கா, கீழ நிக்குதா?"

"ஏன்டி?"

நாத்தனார் பிளாஸ்டரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மாப்பிள்ளை போன்ல உங்க வீடியோ காட்டினார். 'அத்தை, உங்க அண்ணி எவ்வளவு அழகா நெய்யறாங்க பாருங்க'ன்னார். பார்த்தேன். வலது கரை, கண்ணுல ஒத்திக்கலாம். இடது கரை, குடிச்சவன் வீட்டுக்குப் போற மாதிரி போகுது. அது யார் கரை அண்ணி? என் கரை. அதைப் பார்த்து ஒருத்தன் 'ஆகா, நீரோட்டம்'ங்கறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன? ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு சாண் நேரா போட்டு வச்சிட்டுப் போலாம்னு வந்தேன். ஒரு சாண்கூட வரலை. இடுப்பு செத்துப்போச்சு."

"வலது கரையைக் கொலை பண்ணி வச்சிருக்கே."

"பின்ன? அந்தப் பக்கம் என்னை எப்பவாவது உட்கார விட்டிருக்கீங்களா? பெஞ்சுல உங்க பக்கத்துக் குஷனத் தொட்டாலே கத்துவீங்க!"

தறிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாருக்கும் வந்தது, ஆனால் அவள் அதை முழுங்கிவிட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு வா," என்றாள் தறிக்காரம்மா. "சாயங்காலம் வரைக்கும் உட்காரலாம். ரெண்டு கரையும் நேரா ஒரு கட்டம் போட்டுட்டா போதும். வியாழக்கிழமை சீல் வைக்கறாங்க. அதைப் பார்த்துத்தான் கத்துக்கப் போறாங்களாம், சின்னப் பொண்ணுங்க."

"எந்தப் பேர்ல வரணும்?"

தறிக்காரம்மா பெட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தைச் சுரண்டினாள்.

"போர்டுப்படி நான் இல்லவே இல்லையே. திங்கட்கிழமை ஒரு தடவை திருடி மாதிரி வந்தாச்சு. வாட்ச்மேன்கிட்ட பொய் சொல்லி, நான் உட்கார்ந்த தறியிலயே பயந்து பயந்து உட்கார்ந்து... இன்னொரு தடவை என்னால முடியாது அண்ணி." நாத்தனாரின் குரலில் கேலி போயிருந்தது. "உங்க டைரக்டர்கிட்ட சொல்லுங்க. இடது பக்கத்துக்காரி ஒருத்தி இருக்கான்னு. அவர் கூப்பிட்டா இந்தப் பெட்டியெல்லாம் அப்படியே போட்டுட்டு வரேன். என் நம்பர் அதேதான்."

படியிறங்கும்போது தறிக்காரம்மாவுக்குக் கால் பரபரத்தது. சொல்லிவிட வேண்டும். நாலே வார்த்தை.

*

டைரக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் போனில் இருந்தார். "ஆமா சார்... கடைசி ஆள்தான் சார். அவங்களோட சரி. அதனாலதான் சார் கமிட்டியே இவ்வளவு தூரம் வருது. இன்னொரு ஆள் இருந்தா நமக்கு இந்தக் கூடமே ஏது சார்?" போனைக் கையால் பொத்திக்கொண்டு புருவத்தை உயர்த்தினார். "என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடி அறை, பித்தளைப் பலகை, புத்தகத்தின் அட்டையில் அவள் முகம். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லாத சுவர்கள். இதையும் எடுத்துவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது?

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "ஃபேன் சத்தம் போடுது."

ஃபேன் சத்தமே போடவில்லை.

சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. நாத்தனார் நம்பர். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எடுத்தால் என்ன சொல்வது? அடித்து, அடித்து, ஓய்ந்தது. மறுபடி அடிக்கவில்லை. 

புதன்கிழமை காலை நாத்தனார் வண்டி ஏறும் நேரத்தில், கண்ணாடி அறைக்கு ஒரு மெக்கானிக் வந்தார். நல்ல ஃபேனைக் கழற்றித் தரையில் பரப்பி, "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா," என்று குழம்பினார். அவள் துணிமேல் தூசி விழாமல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் நிபுணர். மெலிந்த உருவம், கழுத்தில் பூதக்கண்ணாடி. யாரிடமும் பேசாமல் நேராகத் தறிக்குப் போய்க் குனிந்தார். அரைமணி நேரம் நிமிரவில்லை. டைரக்டர் அந்த அரைமணி நேரமும் ஒற்றைக் காலில் நின்றார்.

"இங்க ரெண்டு கை இருக்கு," என்றார் நிபுணர்.

"மேடம்?"

"இந்த ஊசிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர். ஊசிக்கு மேல இருக்கற நாலு விரற்கடை வேற ஒருத்தர்."

"சான்ஸே இல்ல மேடம்! கதவு பூட்டு, வாட்ச்மேன், எல்லாம் பக்கா." டைரக்டர் தறிக்காரம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "அன்னிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும். வலது கரை கெட்டுப்போயிருக்கு பாருங்க. நல்லவேளை, கடைசியிலதானே இருக்கு? அதை மட்டும் நறுக்கி எறிஞ்சிடலாம். மீதி முழுக்க அசல்."

கூட வந்த ஒருவர் நீளமான கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். டைரக்டர் அதை வாங்கி, ஊசி இருந்த இடத்துக்கு நேராகக் கொண்டு போனார்.

பொய்யை வைத்துக்கொண்டு நிஜத்தை வெட்டப் போகிறார்கள்.

தறிக்காரம்மாவின் கை எப்போது நீண்டது என்று அவளுக்கே தெரியாது. கத்தரிக்கோலுக்கும் துணிக்கும் நடுவில் உள்ளங்கை விரிந்து கிடந்தது. "அம்மா! கை!" என்று டைரக்டர் அலறினார்.

"வெட்டறதுன்னா என்னோடதை வெட்டுங்க சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்த நாலு விரக்கடையிலதான் இடது கரை இருக்கு. மத்ததுல இருக்கறது இடது கரை இல்ல. எனக்கு இடது பக்கம் நெய்யத் தெரியாது. எட்டிப் பிடிச்சு ஏதோ ஒப்பேத்தினேன். நீரோட்டமும் இல்ல, ஒண்ணுமில்ல, கோணல். நான் கடைசி ஆளும் இல்ல. பாதி ஆள். மீதிப் பாதி என் நாத்தனார்."

 

டைரக்டரின் முகம் சிவந்து, வெளுத்து, ஒரு வழியாக ஒரு நிறத்துக்கு வந்தது. "இவ்வளவு நாளா எங்க எல்லாரையும்..."

"ஆமா சார்."

நிபுணர்தான் முதலில் அசைந்தார். கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி மேஜையில் வைத்தார். "இப்ப எங்க இருக்காங்க அவங்க?"

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். வெகுநேரம் அடித்தது. பின்னணியில் குழந்தை அழுகை, நாத்தனாரின் குரல், "யாரு?"

"நான்தான்."

மறுமுனையில் குழந்தையை யாரிடமோ கொடுக்கும் சத்தம்.

"சொல்லிட்டேன்," என்றாள் தறிக்காரம்மா. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இதோ பக்கத்துலதான் நிக்கறாங்க. முறையா கூப்பிடறாங்க, வா."



"செவ்வாய்க்கிழமை போனைக் கையில வச்சிட்டு, பெட்டியைக்கூடக் கட்டாம உட்கார்ந்திருந்தேன் அண்ணி," என்றாள் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை; அதுதான் தாங்கவில்லை. "பொண்ணு நாளையில இருந்து வேலைக்குப் போறா. ரெண்டாவது குழந்தையைப் பார்த்துக்க என்னை விட்டா ஆளில்ல. இனிமே நான் எங்க வர்றது?"

"அப்ப போன்லயாவது சொல்லிக் குடு. இடது பக்கம் நூலை எப்படிப் பிடிக்கணும்? எந்த விரல்?"

"எந்த விரலா..." நாத்தனார் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். "தெரியலையே அண்ணி. கைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது. தறி முன்னாடி உட்கார்ந்தாத்தான் வரும்." குழந்தை மறுபடி வீறிட்டது. "வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சீல் எதுவும் வைக்கவில்லை. பாடம் கற்க வருகிற பெண்களை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார் நிபுணர். "ரெண்டு கரையும் சரியா ஒரு முழம் வரட்டும். அதுவரைக்கும் இது தறியிலயே இருக்கட்டும்," என்றார். "யார் நெய்யறது மேடம்?" என்றார் டைரக்டர், உடைந்த குரலில். நிபுணர் தறிக்காரம்மாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். தெரியும் என்பதற்கான ஆட்டல் இல்லை அது.

*

வெள்ளிக்கிழமை கூடம் திறந்ததும் அவள் கண்ணாடி அறைக்குள் போய், பெஞ்சின் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

வாழ்நாளில் முதல் தடவை. உட்கார்ந்தவுடன் கால் தானாகக் கீழே துழாவியது. ஒன்றும் தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மிதிக்கட்டையே கிடையாது. நூல் திறந்து வழி விடுவதற்கு மிதிக்கிற கட்டைகள் எல்லாம் வலது பக்கத்துக்காரியின் காலடியில்தான். இத்தனை வருஷம் மிதித்தவளுக்கு அது தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. இடது பக்கத்துக்காரி தானாக ஒன்றும் திறக்க முடியாது. அந்தப் பக்கத்துக் கால் நகர்கிற வரைக்கும் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். தறிக்காரம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால், யாரோடாவது பேச நின்றால், கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை அசைக்காமல் உட்கார்ந்தால், அப்போதெல்லாம் நாத்தனார் இங்கே இப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஒரு காலைக் குறுக்கே முழுசாக நீட்டினாள். கட்டைவிரல் நுனிக்கு மிதிக்கட்டை கொஞ்சமாக எட்டியது. இடுப்பில் சுரீரென்றது. நூல் திறந்தது. அந்த நாலு விரற்கடையைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கரை நூலைக் கோத்து இழுத்தாள். கோணியது. பிரித்தாள். நடுவிரலால் கோத்தாள். கோணியது. பிரித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து நின்றது. ஒரு சிறுமி டீச்சரின் கையை இழுத்து எதையோ கேட்டாள். நெய்கிறவர் ஏன் நெய்ததையே பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். டீச்சரின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று உள்ளே கேட்கவில்லை. தறிக்காரம்மா நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. மோதிர விரலில் நூலை மாட்டிக்கொண்டு, காலை மறுபடி நீட்டினாள்.